தட்டைக் கவிழ்த்துப் பார்த்தால்

பழைய பீங்கான் சாமான்களை வாங்கி விற்பவர்கள் ஒரு தட்டு கைக்கு வந்ததும் முதலில் அதைக் கவிழ்த்துத்தான் பார்ப்பார்கள். மேலே உள்ள பூவையும் கொடியையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அடியில் இருக்கும் முத்திரைதான் எந்தக் கம்பெனி, எந்த ஊர், எந்தக் காலம் என்று சொல்லும். அதை வைத்துத்தான் விலை. இங்கிலாந்துப் பீங்கான்களில் அந்த முத்திரை பெரும்பாலும் ஓர் ஆணின் பெயர்: வெட்ஜ்வுட், ஸ்போட், மின்டன், டௌல்டன். அப்பாவின் பெயர், அவருக்குப் பிறகு மகன்களின் பெயர்.

1920களின் இறுதியில் இந்த வரிசையில் வேறு மாதிரியான ஒரு முத்திரை வந்தது. கையால் தீட்டப்பட்டது, 'பிசார்', கிளாரிஸ் கிளிஃப், நியூபோர்ட் பாட்டரி, இங்கிலாந்து என்று அதில் இருந்தது. பிசார் என்றால் விசித்திரம். கிளாரிஸ் கிளிஃப் ஒரு பெண். அதிலும் முதலாளி வீட்டுப் பெண் இல்லை; 13 வயதில் பள்ளியை விட்டுப் பட்டறைக்கு வந்த தொழிலாளி.

அந்த இடத்துக்கு ஒரு தொழிலாளிப் பெண்ணின் பெயர் எப்படி வந்து சேர்ந்தது? வந்த பிறகு அந்தப் பெயருக்குக் கீழே எத்தனை பெண்களின் கைகள் காணாமல் போயின? முதல் கேள்வியை மட்டும் கேட்டால் ஒரு வெற்றிக் கதை கிடைக்கும். இரண்டாவதை மட்டும் கேட்டால் ஒரு குற்றப்பத்திரிகை கிடைக்கும். இரண்டையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆறு ஊர்களின் வேலைப் பிரிவினை

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஸ்டாஃபோர்ட்ஷயர் மாவட்டம். அங்கே டன்ஸ்டால், பர்ஸ்லம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்று ஒட்டி ஒட்டி ஆறு ஊர்கள். 1910இல் இவற்றை ஒன்றாக்கினார்கள். இன்றைக்கு ஸ்டோக்-ஆன்-ட்ரெண்ட் நகரம். மக்கள் வாயில் இந்தப் பகுதிக்கே 'பாட்டரீஸ்' என்றுதான் பெயர். சூளைக்கு வேண்டிய நிலக்கரி அங்கேயே கிடைத்தது. வெள்ளைக் களிமண் தெற்கே கார்ன்வாலிலிருந்து கடல் வழியாகவும் கால்வாய் வழியாகவும் வந்தது. 1777இல் ட்ரெண்ட்-மெர்சி கால்வாய் முழுமையாகத் திறக்கப்பட்டபின் உடையும் சரக்கைக் குலுங்காமல் துறைமுகம் சேர்க்க முடிந்தது. புட்டி வடிவச் சூளைகள் வானத்தைக் கரும்புகையால் மூடின.

இந்தத் தொழிலில் பெண்கள் விருந்தாளிகளாக இருந்ததில்லை. கல்யாணமான பின்னும் பெண்கள் பட்டறைக்குப் போவது இங்கிலாந்தின் மற்றப் பல பகுதிகளைவிட இங்கே சகஜம். ஆனால் எந்த வேலை யாருக்கு என்பதில் கோடு கறாராக இருந்தது. மண்ணைச் சக்கரத்தில் வனைவதும் சூளையில் அடுக்கிச் சுடுவதும் அச்சுக்கான மூல உருவத்தைச் செதுக்குவதும் ஆண்களுக்கு. செப்புத் தகட்டிலிருந்து மெல்லிய தாளில் அச்செடுப்பவர் ஆண். அந்தத் தாளை வெட்டிக் கொடுப்பவள் சிறுமி. அதைப் பாத்திரத்தில் பொருத்தி அழுத்தித் தேய்த்துப் படத்தை இறக்குபவள் பெண். வீடுதோறும் இருந்த நீல 'வில்லோ' தட்டுகளில் படிந்திருப்பது அப்படித் தேய்த்த பெண்களின் தோள்வலி.

தூரிகை பிடித்தவர்களுக்குத் தொழிலில் தனிப் பெயரே உண்டு: பெயின்ட்ரெஸ். நுணுக்கமான வேலை, உட்கார்ந்து செய்யும் வேலை, மற்றப் பட்டறைப் பெண்களைவிட ஒரு படி மதிப்பான வேலை. அந்த மதிப்புக்கும் எல்லை இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆண் ஓவியர்கள் கையை ஊன்றிக்கொள்ள ஒரு சிறு கட்டையைப் பயன்படுத்தினார்கள். பெண்கள் அதைப் பயன்படுத்த அவர்கள் விடவில்லை. கை தாங்கலின்றி அந்தரத்தில் இருந்தால் கோடு நடுங்கும். நடுங்கிய கோட்டைக் காட்டி, பெண்ணுக்கு இவ்வளவுதான் வரும் என்று சொல்லலாம். தாங்குகட்டையைப் பிடுங்கிவிட்டுத் திறமையில்லை என்று சொல்வது பீங்கானோடு நிற்கிற தந்திரமா என்ன?

பீங்கானின் பளபளப்புக்கும் ஒரு விலை இருந்தது. மேலே பூசும் கண்ணாடிப் பூச்சில் ஈயம் கலந்தார்கள். நிறங்களிலும் ஈயம் இருந்தது. அந்தப் பூச்சில் பாத்திரத்தை முக்கி எடுத்தவர்கள், காய்ந்த பூச்சைத் துடைத்துச் சீர்செய்த பெண்கள், நிறம் தீட்டியவர்கள் எல்லோரது உடம்பிலும் ஈயம் ஏறியது. வயிற்றுவலி, வாதம், பார்வைக் கேடு; பெண்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் கூடுதலாக. சுட்ட பீங்கானில் ஒட்டியிருந்த சிக்கிமுக்கிக் கல்தூளைத் துலக்கி எடுத்த பெண்களுக்கு நுரையீரல் போயிற்று.

1893இல்தான் பிரிட்டிஷ் அரசு முதன்முதலாகப் பெண் தொழிற்சாலை ஆய்வாளர்களை நியமித்தது. அவர்கள் பட்டறைக்குள் போனார்கள், வீடுகளுக்கும் போனார்கள். எத்தனை பிள்ளை பிறந்தது, எத்தனை கலைந்தது என்று கேட்டு எழுதினார்கள். பெண்கள் தொழிற்சங்க லீக்கைச் சேர்ந்த ஜெர்ட்ரூட் டக்வெல் போன்றவர்கள் ஈயத்துக்கு எதிராகப் பிரசாரம் செய்தார்கள். 1898இல் வந்த விதிகளின்படி ஈய வேலையில் இருந்த பெண்களையும் சிறார்களையும் மாதாமாதம் மருத்துவர் சோதிக்க வேண்டும். நச்சு ஏறியவர்களை வேலையிலிருந்து நிறுத்த வேண்டும். பாதுகாப்பு என்று வந்தது பெண்ணின் கூலியைத்தான் முதலில் நிறுத்தியது. ஈயம் பட்டறையிலேயே இருந்தது. கரையும் ஈயம் கலந்த பூச்சுக்கு முழுத் தடை வர 1947 ஆயிற்று. அரை நூற்றாண்டு.

ஒரு வேலையோடு நிற்காதவள்

கிளாரிஸ் 1899 ஜனவரி 20இல் டன்ஸ்டாலில் பிறந்தாள். அப்பா இரும்பு வார்ப்படத் தொழிலாளி. அம்மா வீட்டிலேயே துணி வெளுத்துக் கொடுத்துச் சம்பாதித்தவர். நிறையப் பிள்ளைகள். 1912இல் உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் பாத்திர விளிம்பில் பொன்கோடு தீட்டும் வேலைக்குப் பயிற்சியாளாகச் சேர்ந்தாள்.

அன்றைய வழக்கப்படி ஒரு பெண் ஒரு வேலையைக் கற்றுக்கொண்டு அதிலேயே கூலி ஏறக் காத்திருக்க வேண்டும். கிளாரிஸ் அப்படி இருக்கவில்லை. பொன்கோடு கைவந்ததும் 1915இல் வேறொரு பட்டறைக்குப் போய்ப் படத்தாள் ஒட்டும் தொழிலைக் கற்றாள். ஒவ்வொரு முறையும் கூலி அடிமட்டத்திலிருந்து தொடங்கும். வீட்டில் அது சிரமம். 1916இல் பர்ஸ்லத்தில் ஏ.ஜே. வில்கின்சன் கம்பெனிக்கு வந்தாள். வில்கின்சனிடமிருந்து ஷோர்ட்டர் குடும்பத்தின் கைக்கு அந்தக் கம்பெனி எப்போதோ போய்விட்டிருந்தது. ஆனாலும் வில்கின்சன் என்ற பெயரையே வைத்திருந்தார்கள். உரிமை மாறினாலும் ஆணின் பெயருக்கு ஆயுள் கெட்டி.

அங்கே 1920களில் மறுபடியும் பயிற்சியாளாக ஒப்பந்தம் எழுதிக்கொண்டாள், இந்த முறை உருவம் வடிக்கும் வேலைக்கு. அது ஆண்களின் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த வேலை. மாலையில் பர்ஸ்லம் ஓவியப் பள்ளிக்குப் போனாள். தட்டின் மேல் தீட்டத் தெரிந்தவள் தட்டின் வடிவத்தையும் தானே தீர்மானிக்கத் தயாரானாள்.

பழுதை மறைத்த முக்கோணங்கள்

1920இல் ஷோர்ட்டர் குடும்பம் பக்கத்திலேயே கால்வாய் ஓரம் இருந்த நியூபோர்ட் பாட்டரியை வாங்கியது. கூடவே கிடங்கு நிறைய விலைபோகாத பழைய வெள்ளைப் பாத்திரங்களும் வந்தன. பழைய பாணி ஜாடிகள், கிண்ணங்கள், சின்னச் சின்னப் பழுதுகளோடு. கிளாரிஸுக்கு ஒரு சிறு அறையும் இந்தப் பழைய சரக்கும் 1927இல் கிடைத்தன. கிளாடிஸ் ஸ்கார்லெட் என்ற இளம்பெண்ணைத் துணைக்கு வைத்துக்கொண்டு தொடங்கினாள்.

பழுதை மறைக்க அவள் கண்ட வழி பட்டையான நிறம். ஆரஞ்சு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்கள்; சுற்றிலும் தடித்த கோடுகள். தூரிகை போன தடம் தெரியும்படியே விட்டார்கள். கையால் தீட்டியது என்பதற்கு அந்தத் தடமே சாட்சி. விற்பனை ஆட்களுக்கு இது போகும் என்ற நம்பிக்கையே இல்லை. ஆனால் கடைகளுக்குக் கொண்டுபோன சரக்கு விற்றது. மறுபடியும் கேட்டு ஆர்டர் வந்தது.

பழைய சரக்கு தீரத் தீர வடிவமும் மாறியது. 1929இல் கூம்பு வடிவக் கிண்ணங்கள் வந்தன. முக்கோணக் கால்கள், முக்கோணக் கைப்பிடிகள். 1928இல் தொடங்கிய 'குரோக்கஸ்'தான் நீண்ட நாள் ஓடியது. குரோக்கஸ் குங்குமப்பூ இனத்தைச் சேர்ந்த சிறு பூ. ஊதா, நீலம், ஆரஞ்சில் சில இழுப்புகள் போட்டால் இதழ்கள். பாத்திரத்தைத் தலைகீழாகத் திருப்பி மெல்லிய பச்சை இழுப்புகள் போட்டால் இலைகள். மேல் விளிம்பில் மஞ்சள் பட்டை, அது வெயில். கீழே பழுப்புப் பட்டை, அது மண். முதலில் இதைத் தீட்டியவர் எதெல் பேரோ. பார்க்க எளிது. ஆனால் ஒவ்வோர் இதழும் ஒரே இழுப்பில் விழ வேண்டும், திருத்தம் கிடையாது.

இவை பணக்காரர்களின் மெல்லிய பீங்கான் அல்ல, மண் சார்ந்த தடித்த பாத்திரங்கள். ஒரு முழு செட் வாங்க முடியாத நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒரு தேன்ஜாடியோ ஒரு சர்க்கரைத் தூவியோ வாங்கினாள். வீட்டுக்குள் அழகு எப்படி இருக்க வேண்டும் என்பதை அதுவரை கணவனின் அம்மாவிடமிருந்து வந்த பாத்திரங்கள் தீர்மானித்திருந்தன. இந்த ஆரஞ்சு நிறக் கோப்பை அவள் தானே தேர்ந்தெடுத்தது.

அந்தக் கோப்பையில் ஊற்றிய தேநீரையும் சொல்லியாக வேண்டும். 1930களில் பிரிட்டன் குடித்த தேயிலையில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனது. இலங்கை மலையகத்தில் கொழுந்து பறித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். பர்ஸ்லத்துப் பெண்ணின் நிலையும் லயத்துப் பெண்ணின் நிலையும் ஒன்றாக இருக்கவில்லை. ஒருத்தியின் நாடு மற்றவளின் நாட்டை ஆண்டது. ஆனால் லண்டன் மேசையில் இருந்த கோப்பைக்கு வெளியிலும் உள்ளேயும் இருந்தது பெண்களின் விரல் வேலை. இருவர் பெயரும் அந்த மேசைக்கு வந்து சேரவில்லை.

எழுபது கைகள், ஒரு பெயர்

தேவை பெருகப் பெருக நியூபோர்ட் பாட்டரி முழுவதும் பிசார் வேலைக்கே திரும்பியது. உச்சத்தில் சுமார் 70 பேர் தீட்டினார்கள். சில பையன்களைத் தவிர எல்லோரும் பெண்கள், பலர் பள்ளியை முடித்த 14 வயதில் வந்தவர்கள். 'பிசார் பெண்கள்' என்று அவர்களைச் சொன்னார்கள். தூள் நிறத்தை டர்ப்பன்டைனிலும் எண்ணெயிலும் குழைத்துக்கொண்டு வரிசையாக மேசைகளில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி கோட்டுருவம் வரைவாள். அடுத்தவள் நிறம் நிரப்புவாள். இன்னொருத்தி சுழலும் வட்டில் வைத்துப் பட்டை இழுப்பாள். பிறகு நிறம் பதியச் சூளை.

இவர்கள் யாரும் கையெழுத்திடவில்லை. ஸ்டாஃபோர்ட்ஷயர் பட்டறைகள் பலவற்றில் தட்டின் அடியில் ஒரு புள்ளியோ சிறு கோடோ வைக்கும் பழக்கம் இருந்தது. எத்தனை உருப்படி என்று எண்ணிக் கூலி கொடுக்க அந்தக் குறி. பெண்ணின் அடையாளம் தட்டில் பதிய அனுமதி இருந்தது, கணக்குக்காக மட்டும். நடுவில் பெரிய எழுத்தில் கிளாரிஸ் கிளிஃப்.

அந்தப் பெயரை அங்கே வைத்தது முதலாளி கோலி ஷோர்ட்டரின் வியாபார புத்தியும்தான். ஒரு பெண் வடிவமைத்தாள், பெண்கள் தீட்டினார்கள், பெண்கள் வாங்குவார்கள் என்பதை அவர் நன்றாகப் புரிந்துகொண்டார். பெரிய கடைகளில் பிசார் பெண்களை உட்காரவைத்து வாடிக்கையாளர் முன் தீட்டச் செய்தார். அங்கே அவர்களின் கைகள் காட்சிப்பொருள். கடை மூடியதும் மறுபடி பெயரில்லாதவர்கள்.

பெயர் யாருக்கு உரியது என்பதை 1934இல் நடந்த ஒன்று இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. வனெஸா பெல், டங்கன் கிரான்ட், லாரா நைட், கிரஹாம் சதர்லண்ட் போன்ற புகழ்பெற்ற ஓவியர்களைக் கொண்டு உணவு மேசைப் பாத்திரங்களுக்கு வடிவங்கள் வரைய வைத்து, லண்டன் ஹாரட்ஸ் கடையில் கண்காட்சி வைத்தார்கள். கிளாரிஸின் மேற்பார்வையில் வில்கின்சன் பட்டறைப் பெண்கள் அவற்றுக்கு உயிர் கொடுத்தார்கள். ஓவியர்களின் பெயர் அடியில் அச்சானது. சரக்கு விற்கவில்லை. கான்வாஸில் தீட்டினால் கலை, தட்டில் தீட்டினால் கூலி வேலை என்ற படிநிலையைச் சந்தை அந்த முறை மதிக்கவில்லை. பழுதான ஜாடியில் முக்கோணம் போட்டவளின் பாத்திரம்தான் விற்றது.

முதலாளியும் அவளும்

1930இல் கிளாரிஸ் இரண்டு பட்டறைகளுக்கும் கலை இயக்குநர் ஆனாள். அந்தத் தொழிலில் அந்தப் பதவியில் பெண் அபூர்வம். தன் திறமையால் வந்தாள் என்று ஊர் சொல்லவில்லை. கோலி ஷோர்ட்டர் அவளைவிட 17 வயது மூத்தவர், கல்யாணமானவர். இருவருக்கும் நெருக்கம் இருந்தது. குடும்ப வீட்டை விட்டுத் தனியாக ஒரு சிறு வீட்டில் வாடகைக்கு இருந்தாள் என்பதும் பேச்சுக்கு இடமாயிற்று. மனைவி 1939இல் இறந்தபின் 1940 டிசம்பரில் இருவரும் ஆரவாரமில்லாமல் மணந்துகொண்டார்கள்.

இந்த உறவை வைத்து அவள் ஏற்றத்தை முதலாளியின் தயவாகச் சுருக்குவது பழைய வழக்கம். அதை மறுக்கும் அவசரத்தில் அவளை எந்த அதிகாரத்துக்கும் அப்பாற்பட்ட வீராங்கனையாக்குவதும் சரியில்லை. கூலி கொடுப்பவர், அறையைத் திறந்துவிடுபவர், பெயரை அச்சிடச் சொல்பவர் எல்லாம் ஒரே ஆள். அந்த அமைப்பில் ஒரு தொழிலாளிப் பெண்ணுக்குக் கதவு திறக்க ஓர் ஆணின் சாவி தேவைப்பட்டது. திறந்தபின் உள்ளே அவள் செய்ததை வேறு யாரும் செய்யவில்லை. இரண்டும் உண்மை.

அதே காலத்தில் சூசி கூப்பர் வேறு வழியில் போனார். ஓரளவு வசதியான குடும்பம், பர்ஸ்லம் பள்ளியில் முறையான ஓவியப் படிப்பு, 1929இல் சொந்தப் பட்டறை. முத்திரையில் தன் பெயரைப் போட யாரிடமும் அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை. இருவருக்கும் இடையில் இருந்த தூரத்துக்குப் பெயர் வர்க்கம்.

பெயர் மிஞ்சியது

இரண்டாம் உலகப் போர் வந்தது. தீட்டும் பெண்கள் போர்க்கால வேலைகளுக்குக் கலைந்தார்கள். 1942 முதல் 1952 வரை உள்நாட்டில் அலங்காரப் பாத்திரம் விற்கத் தடை; வெள்ளைச் சாமான் மட்டும். போருக்குப் பின் வில்கின்சன் கம்பெனி அமெரிக்கச் சந்தைக்கு 'டோன்குவின்' போன்ற அச்சுப் படப் பாத்திரங்களைச் செய்தது. அவற்றின் அடியிலும் கிளாரிஸ் கிளிஃப் பெயர் இருந்தது. தூரிகை போய்விட்டது, எழுபது கைகள் போய்விட்டன, பெயர் மட்டும் வேலை செய்தது.

1963இல் ஷோர்ட்டர் இறந்தார். அடுத்த வருடம் கிளாரிஸ் பட்டறையை மிட்வின்டர் கம்பெனிக்கு விற்றார். மிட்வின்டர் பின்னால் வெட்ஜ்வுட் குழுமத்துக்குள் போனது. 1972 அக்டோபர் 23இல் கிளாரிஸ் இறந்தார். 1990களில் வெட்ஜ்வுட் அவர் பெயரில் மறுபதிப்புப் பாத்திரங்கள் வெளியிட்டது. ஆண்களின் பெயர்களுக்கு நடுவே நுழைந்த அந்தப் பெண்ணின் பெயர் கடைசியில் அந்த ஆண்களின் பெயரில் ஓடும் கம்பெனிக்குச் சொத்தாயிற்று. 2004இல் லண்டன் ஏலத்தில் 'மே அவென்யூ' சித்திரம் தீட்டிய ஒரு பெரிய தட்டு 39,500 பவுண்டுக்குப் போனது.

ஆனால் இடையில் இன்னொன்றும் நடந்தது. 1982இல் சேகரிப்பாளர்கள் சிலர் ஒரு சங்கம் தொடங்கி, உயிரோடிருந்த பிசார் பெண்களைத் தேடிப் போனார்கள். பாட்டிகளாகிவிட்ட அவர்களிடம் யார் கோடு வரைந்தது, யார் பட்டை இழுத்தது என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். கிளாடிஸ் ஸ்கார்லெட், எதெல் பேரோ என்ற பெயர்களை இன்று நாம் சொல்ல முடிவது அதனால்தான். 1990இல் செரில் பக்லி பாட்டரீஸின் பெண் வடிவமைப்பாளர்களையும் தீட்டும் பெண்களையும் பற்றி ஒரு முழு நூலே எழுதினார்.

கொஞ்சம் தாமதமாகக் கேட்டிருந்தால் அந்தப் பெயர்களும் கிடைத்திருக்காது. ஈயப் பூச்சில் பாத்திரத்தை முக்கிய பெண்களிடம் அப்படி யாரும் பெயர் கேட்டுப் போகவில்லை. ஆய்வாளர் அறிக்கைகளில் அவர்கள் கலைந்த கருக்களின் எண்ணிக்கையாக இருக்கிறார்கள். அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் பளபளப்பாக இருக்கிறார்கள். தட்டைக் கவிழ்த்துப் பார்ப்பவர்கள் முத்திரையைப் படித்ததோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நாம் அதை மறுபடி நிமிர்த்தி வைத்து, ஒவ்வோர் இழுப்பாகப் பார்க்க வேண்டும். இந்த இதழில் தூரிகை சற்று அழுந்தியிருக்கிறது. அடுத்ததில் லேசாக விலகியிருக்கிறது. அந்த விலகல் ஒரு பெண்ணின் கை.